வாளேந்தியவன் வேடிக்கை பார்க்கவா வந்தான்? – வாசகர் கேள்வி பதில்

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் மாயக்கதை ஆட்டங்களைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பக்கங்களிலிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே பொருளைத் தொட்டிருந்ததால், இந்த இதழில் அவற்றுள் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ஒருவர் கதையை நடத்துவார், அவரை டி.எம். என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். பாத்திரம் செய்யத் துணிந்த காரியம் நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

கேள்வி: ஐயா, விடுதியில் நண்பர்கள் ஐவர் சேர்ந்து சனிக்கிழமை இரவுகளில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பை 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஆடி வருகிறோம். டி.எம். நான்தான். மற்ற நால்வரில் இருவர் வாள்வீரர்கள், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கிளெரிக் (தெய்வத்தின் அருளால் மந்திரம் சொல்லும் பூசாரி). ஒன்பதாம் லெவலை எட்டியதிலிருந்து எந்தச் சிக்கல் வந்தாலும் மந்திரவாதியே தீர்த்துவிடுகிறார். வீரர்களுள் ஒருவன், 'நான் பரோட்டாவுக்காகத்தான் வருகிறேன்' என்று வெளிப்படையாகவே சொல்லத் தொடங்கிவிட்டான். சில மந்திரங்களைத் தடை செய்வதா, வாளின் சேதத்தைக் கூட்டுவதா?
– பொறியியல் மாணவர், காட்பாடி

பதில்: இரண்டும் வேண்டாம். வாளின் சேதத்தைக் கூட்டுவது, தலைவலிக்காரனுக்குக் காலில் தைலம் தேய்ப்பது போலாகும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். வலிமையில் மூன்றாம் படியில் உள்ள தீப்பந்து மந்திரத்துக்கு எட்டு ஆறுமுகப் பகடைகள். சராசரிச் சேதம் 28. எதிரி தப்பிக்கும் உருட்டில் வென்றுவிட்டால் அதில் பாதிதான். உடல்வலிமை 20 உள்ள வீரன் இருகை வாளை வீசினால் ஓர் அடிக்குச் சராசரி 12. ஒன்பதாம் லெவலில் அவனுக்கு ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல்கள் உண்டு என்பதால் இரண்டும் பட்டால் 24, 'ஆக்‌ஷன் சர்ஜ்' (ஒரே முறையில் இன்னொரு தடவை தாக்க விடும் திறன்) எடுத்து நான்கும் பட்டால் 48. ஒற்றை எதிரியின் முன்னால் வீரன் எந்த வகையிலும் மட்டமில்லை. அவன் வாள் தீர்ந்து போவதும் இல்லை. கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் எட்டு நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் தீப்பந்துதான் வெல்லும். அதற்கென்றே ஏற்பட்ட மந்திரம் அது; அதில் யாரும் குறைபட்டுக்கொள்வதை நான் பார்த்ததில்லை.

உங்கள் நண்பனுக்குப் பரோட்டா நினைவு வருவது போருக்கு வெளியில் இருக்கும் நேரத்தில்தான் என்று தோன்றுகிறது. பூட்டிய கதவு, உயர்ந்த மதில், வாய்திறக்காத சாட்சி, பத்து நாள் பயணம் என எதை நீங்கள் குறுக்கே வைத்தாலும் மந்திரவாதியின் ஏட்டில் அதற்கு ஒரு வரி இருக்கிறது. வீரனுக்கு இருப்பது ஒரு திறன் உருட்டு மட்டுமே, அதுவும் தோற்கலாம். பறக்கும் மந்திரத்தைச் சொன்னவன் பறந்தே தீருவான், மதிலேறத் துணிந்தவன் மட்டும் பகடையை உருட்டிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்த நிச்சயமும் நிச்சயமின்மையும்தான் உங்கள் மேசையில் உள்ள ஏற்றத்தாழ்வு. சேதக் கணக்கு அதற்குப் பிறகுதான்.

அடுத்ததாக, உங்கள் ஆட்டத்தில் ஒரு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்பதாம் லெவல் மந்திரவாதியிடம் முதற்படி நான்கு, இரண்டாம் படி மூன்று, மூன்றாம் படி மூன்று, நான்காம் படி மூன்று, ஐந்தாம் படி ஒன்று என மொத்தம் 14 மந்திரங்களுக்கு இடம் இருக்கிறது. ஒரு சண்டை ஏறத்தாழ நான்கு சுற்றுகளில் முடியும். சனிக்கிழமைக்கு ஒரு சண்டை, அது முடிந்ததும் கூடாரம் அடித்துத் தூக்கம் என்று நீங்கள் நடத்தினால், அவர் உயர்ந்த படி மந்திரங்கள் நான்கை மட்டும் இறைத்துவிட்டு மீதிப் பத்தை ஊர் வேலைகளுக்கு வாரி வழங்கலாம். நாளைக்கு ஆறு முதல் எட்டு வரை நடுத்தரமான அல்லது கடினமான மோதல்களும் இடையில் இரண்டு சிறு ஓய்வுகளும் இருக்கும் என்று எண்ணித்தான் 2014ஆம் ஆண்டு டி.எம். கையேடு கணக்குப் போட்டது. ஆறு சண்டை என்றால் 24 சுற்றுகள். 14 இடங்கள், ஓய்வில் மீளும் ஒன்றிரண்டைச் சேர்த்தாலும், அதற்குப் போதமாட்டா. அப்போதுதான் 'இதற்கு மந்திரம் செலவழிக்கத்தான் வேண்டுமா?' என்று அவர் ஒரு நிமிடம் யோசிப்பார். வீரனோ ஒவ்வொரு சிறு ஓய்விலும் தன் 'ஆக்‌ஷன் சர்ஜை' மீட்டுக்கொண்டு எழுவான்.

ஒரே இரவில் ஆறு சண்டைகளை நடத்த யாராலும் முடியாது, அதற்கு அவசியமும் இல்லை. ஆட்டத்தின் ஒரு நாளை மூன்று சனிக்கிழமைகளுக்கு நீட்டுங்கள். நீங்கள் விடுதி விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போவதால் பாத்திரங்களும் உறங்க வேண்டும் என்று விதி எங்கும் இல்லை. பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. அதுவும் சரிவராவிட்டால் அதே கையேட்டில் ஒரு மாற்று விதி இருக்கிறது: சிறு ஓய்வு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வு ஏழு நாள். ஊர் ஊராகப் பயணம் செய்யும் கதைகளுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

கதையிலும் நேரம் ஓட வேண்டும். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் உங்களுக்குக் கோட்டை பக்கம்தான். ஒரு மாலை அகழியோரம் நடந்து பாருங்கள். 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் எழுந்தபோது அந்தக் கோட்டை யாருடையது என்பதை முடிவு செய்தவை இரண்டே: வாயிற்கதவு யார் கையில் இருக்கிறது, சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் ஆற்காட்டில் இருந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை எப்போது வந்து சேரும். காலையிலேயே அது வந்துவிட்டது. பீரங்கியால் கதவும் திறந்தது. இப்படி ஒரு காலையை உங்கள் மேசையில் வையுங்கள். கதவைப் பிடித்து நிற்பதும், தயங்கும் காவலர்களைத் தன் பக்கம் இழுப்பதும், மதில்மேல் ஓரிடத்தை ஒரு மணி நேரம் விட்டுக்கொடுக்காமல் காப்பதும் வீரனின் வேலைகள். எட்டு மணி நேரம் படுத்து எழுந்து மந்திரங்களை நிரப்பிக்கொள்ள அங்கே யாருக்கும் வழியில்லை.

மந்திரவாதி 'நான் பறந்து அகழியைத் தாண்டுகிறேன்' என்பார். தாராளமாகப் பறக்கட்டும். மதில்மேல் நான்கு வில்லாளிகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பறக்கும் மந்திரம் மனத்தை ஒருமுகப்படுத்தி வைத்திருக்கும்வரைதான் நிற்கும். அம்பு பட்டால், 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இவற்றுள் எது பெரிதோ அதை உடலுறுதி உருட்டில் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மந்திரம் அறுந்து விழும், அவரும் விழுவார். அறுபது அடி உயரம் என்றால் ஆறு பகடைச் சேதம், கீழே முதலைகள். வேலூர் அகழியில் முதலைகளை விட்டிருந்ததாக நம் பக்கத்தில் சொல்வது வழக்கம், அதை ஏன் வீணாக்க வேண்டும்? இனி அந்த நால்வரையும் யார் முதலில் அடக்குவது என்று மேசை முழுவதும் உங்கள் நண்பன் பக்கம் திரும்பும். மந்திரம் எதையும் நீங்கள் தடை செய்யவில்லை, விதி எதையும் மாற்றவுமில்லை.

கேள்வி: இந்த ஏற்றத்தாழ்வு ஆட்டம் பிறந்தபோதே இருந்ததா, பின்னால் புகுந்ததா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: பிறவியிலேயே இருந்தது, ஆனால் அதைச் சமன் செய்யும் ஏற்பாடுகளும் கூடவே இருந்தன. அந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்ட கதையைத்தான் நாம் இன்று அனுபவிக்கிறோம்.

1971இல் வெளிவந்த 'செயின்மெயில்' என்ற பொம்மைப் படை ஆட்டத்தின் மாயக்கதைப் பின்னிணைப்பில் மந்திரவாதி ஏறக்குறைய நடமாடும் பீரங்கியாகவே இருந்தான். அவனுடைய தீப்பந்து பாயும் பரப்பைப் பெரிய கவண்கல் எந்திரத்தின் அளவாக வைத்திருந்தார்கள். வீரநாயகன் நான்கு படைவீரர்களுக்குச் சமம். நூற்றுக்கணக்கான பொம்மைகள் நிற்கும் களத்தில் பீரங்கி ஒன்று இருப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் 1974இல் அதிலிருந்து ஆளுக்கொரு பாத்திரம் என்ற 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை உருவாக்கியபோது, அந்தப் பீரங்கி ஒருவருடைய பாத்திரமாகவும் பக்கத்திலிருந்த சிப்பாய் இன்னொருவருடைய பாத்திரமாகவும் ஆகிவிட்டார்கள். மனத்தில் ஏற்றி வைத்த மந்திரம் ஒரு முறை சொன்னதும் மறந்துபோகும் என்ற விதியை ஜாக் வான்ஸின் மாயக்கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதுதான் முதல் கடிவாளம்.

1978ஆம் ஆண்டு கையேட்டில் இன்னும் பல கடிவாளங்கள் இருந்தன. வீரனின் உயிர்ப்புள்ளிக்குப் பத்துமுகப் பகடை என்றால் மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடை. முதல் லெவலில் நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அடி பட்டால் அதுவும் போயிற்று. ஒவ்வொரு மந்திரத்தையும் மீண்டும் மனனம் செய்யப் படிக்குக் கால் மணி நேரம் ஆகும். மேல் லெவல் மந்திரவாதி தன் ஏடு முழுவதையும் நிரப்பிக்கொள்ள உட்கார்ந்தால் பொழுது விடிந்து பொழுது போய்விடும். இரண்டாம் லெவலுக்கு ஏற வீரனுக்கு 2,001 அனுபவப் புள்ளிகள் போதும், மந்திரவாதிக்கு 2,501 வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்பதாம் லெவல்: வீரன் கோட்டை கட்டினால் படைவீரர்கள் தாமாகவே அவனைத் தேடி வந்து சேர்வார்கள். மந்திரவாதி தீப்பந்தும் கையுமாக நிற்கும் அதே காலத்தில் வீரனிடம் ஒரு படையும் ஒரு நாடும் இருந்தன.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே புள்ளி அட்டவணையைக் கொண்டுவந்தது. அடிபட்டாலும் மந்திரத்தை விடாமல் சொல்லி முடிக்க ஒரு திறன் வந்தது. ஐம்பது முறை பயன்படும் மந்திரக்கோல்களைச் செய்யவும் வாங்கவும் வழி பிறந்தது. கோட்டையும் படையும் விதியின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போயின. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே நியாயமானதுதான். மொத்தமாகச் சேர்ந்தபோதுதான் வீரன் படிப்படியாக ஏற, மந்திரவாதி பாய்ந்து ஏறினான். 2008இன் நான்காம் பதிப்பு இதற்குத் தீர்வாக எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே அச்சில் திறன்களைக் கொடுத்தது: எப்போதும் பயன்படுவன, மோதலுக்கு ஒரு முறை, நாளைக்கு ஒரு முறை. சமநிலை வந்தது, ஆனால் வாளும் மந்திரமும் கையில் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற முணுமுணுப்பும் வந்தது. எனக்கு அந்தப் பதிப்பின் மேல் மதிப்பு உண்டு. எதிரியைத் தன்னிடமே கட்டிப்போடும் வேலையை வீரனுக்கு அவ்வளவு தெளிவாகக் கொடுத்த பதிப்பு வேறில்லை. 2014இல் மறுபடி பழைய பக்கம் திரும்பினார்கள். ஒரே நேரத்தில் ஒரு மந்திரத்தின் மேல்தான் மனத்தை நிறுத்த முடியும் என்ற விதி அதில் உருப்படியான கடிவாளம்.

கேள்வி: எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். நம் வீரர்கள் யாரும் வெறும் வில்லோடு நின்றதில்லை. மந்திரம் சொல்லித்தான் கணை தொடுத்தார்கள். வீரன் வேறு, மந்திரவாதி வேறு என்று பிரிப்பதே நமக்குப் பொருந்தாததாயிற்றே? பாரதத்தை வைத்து ஓர் ஆட்டம் அமைத்தால் எப்படி இருக்கும்?
– வாசகர், ஆரணி

பதில்: இந்தக் குவியலில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உங்களுடையதுதான்.

மனத்தில் ஏற்றிய மந்திரம் ஒரு முறைதான் பயன்படும் என்ற விதியை மேலைநாட்டு ஆட்டக்காரர்கள் புதுமையாகப் பேசுவார்கள். கர்ணனிடம் இருந்த இந்திரனின் சக்தி ஆயுதத்தை எண்ணிப் பாருங்கள். கவச குண்டலங்களை அறுத்துக் கொடுத்துப் பெற்றது. ஒரே ஒரு முறைதான் ஏவலாம். அருச்சுனனுக்கென்று அதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறான். பதினான்காம் நாள் போர் இரவிலும் நீள, கடோற்கசன் கௌரவர் படையைத் துவம்சம் செய்கிறான். 'இவனை இப்போதே முடி, இல்லாவிட்டால் விடியும்போது நாம் யாரும் இருக்க மாட்டோம்' என்று நாலாபுறமும் கெஞ்சுகிறார்கள். வேறு வழியின்றிக் கர்ணன் அதை விட்டுவிடுகிறான். கடோற்கசன் விழுந்ததைக் கண்டு பாண்டவர் பக்கம் எல்லோரும் அழ, கண்ணன் ஒருவன் மட்டும் மகிழ்கிறான். எதிரியின் கையிலிருந்த ஒற்றைப் பெருமந்திரம் தவறான இலக்கின் மேல் செலவாகிவிட்டது. முதல் கடிதத்தின் மாணவருக்கு நான் சொல்ல நினைத்ததை இந்த ஓர் இரவு முழுவதுமாகச் சொல்லிவிடுகிறது: பெரிய மந்திரத்தைத் தடுக்க வேண்டியதில்லை, அதை முன்னதாகவே செலவழிக்க வைக்கும் நெருக்கடியை உண்டாக்கினால் போதும்.

ஆட்டமாக அமைக்கும்போது எல்லாப் பாத்திரங்களையும் வீரர்களாகவே வையுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று அஸ்திரங்கள் இருக்கட்டும். அவை லெவல் ஏறியதும் தாமாக வந்து விழக் கூடாது. தவம், குருசேவை, வரம் என்று கதைக்குள் சம்பாதிக்க வேண்டும். கூத்தில் அருச்சுனன் வேடக்காரர் தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவதை விடிய விடியப் பார்த்தவர் நீங்கள்; பாசுபதம் எவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது என்பது கீழே நிற்கும் கூட்டத்துக்கு அந்த ஏற்றத்திலேயே புரிந்துவிடும். மேசையிலும் அப்படி ஓர் இரவு முழுவதையும் ஒரே ஓர் அஸ்திரத்துக்குக் கொடுங்கள்.

அதைவிடச் சுவையானவை நிபந்தனைகள். பரசுராமரின் சாபத்தால் தேவைப்படும் நேரத்தில் பிரம்மாஸ்திர மந்திரம் கர்ணனுக்கு மறந்துபோகிறது. நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை தொடுக்கக் கூடாது என்று குந்தி வரம் வாங்கிக்கொண்டு போவதைக் கர்ண மோட்சக் கூத்தில் பார்த்திருப்பீர்கள். பிரம்மாஸ்திரத்தை ஏவத் தெரிந்த அசுவத்தாமனுக்கு அதைத் திருப்பியழைக்கத் தெரியவில்லை. ஆகவே ஒவ்வோர் அஸ்திரத்தின் பக்கத்திலும் ஒரு சாபத்தையோ வாக்கையோ எழுதி வையுங்கள், டி.எம். அதைக் கதையின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் நினைவூட்டலாம். அஸ்திரங்கள் தீர்ந்த பின்னும் வில்லும் கதாயுதமும் தேரும் மீதமிருக்கும். பதினெட்டு நாள் போரில் பெரும்பகுதியை அவைதானே நடத்தின?

வீரன், மந்திரவாதி என்ற பிரிவே இல்லாத ஆட்டம் மேற்கிலும் இருக்கிறது. 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' அதன் உலகத்தில் ஏறக்குறைய எல்லோருக்குமே சிறு மந்திரங்களைக் கொடுத்துவிட்டது. எலும்பும் தோலுமாக விதிகள் மட்டும் வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நான் எங்கள் குழுவின் வீரன். என் முறை வந்ததும் 'வெட்டுகிறேன்' என்று சொல்லி இரண்டு பகடை உருட்டுவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த முறை வருவதற்குள் கைப்பேசியை எடுத்துவிடுகிறேன். என்ன செய்யலாம்?
– வங்கி ஊழியர், அரக்கோணம்

பதில்: ஐந்தாம் பதிப்பு என்றால் வீரனின் 'பேட்டில் மாஸ்டர்' கிளையை எடுங்கள். எட்டுமுகப் பகடைகள் நான்கு கிடைக்கும். எதிரியைக் கீழே தள்ள, ஆயுதத்தைத் தட்டிவிட, தோழனுக்கு ஒரு தாக்குதலை விட்டுக்கொடுக்க அவற்றைச் செலவழிக்கலாம். சிறு ஓய்வில் அவை திரும்பிவிடும். 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆயுதத்துக்கு ஆயுதம் தனித்தன்மை வந்திருக்கிறது: போர்ச்சுத்தியல் எதிரியைப் பத்தடி தள்ளிவிடும், போர்க்கோடரி மண்ணைக் கவ்வ வைக்கும்.

ஆனாலும் இந்தக் குறைக்கு நான் கண்ட சிறந்த மருந்து 2012இல் வந்த 'டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ்' ஆட்டத்தில் இருக்கிறது. வீரன் ஒவ்வொரு தாக்குதலோடும் கூடவே ஒரு சிறு பகடையை உருட்டுகிறான். உருட்டுவதற்கு முன்பே தான் செய்யப்போகும் சாகசத்தைச் சொல்லிவிட வேண்டும். 'அவன் கேடயத்தின் மேல் கால் வைத்து எகிறி, மேலே தொங்கும் விளக்குச் சங்கிலியை அறுக்கிறேன்' என்கிறீர்கள். சிறு பகடையில் மூன்றோ அதற்கு மேலோ விழுந்து, தாக்குதலும் பட்டுவிட்டால், சங்கிலி அறுந்து விளக்கு அவன் தலையிலேயே விழும். மந்திரவாதி ஏட்டைப் புரட்டித் தேட வேண்டியதை நீங்கள் நின்ற இடத்தில் வாயால் உண்டாக்குகிறீர்கள். உங்கள் டி.எம்.மிடம் இந்த ஒரு விதியை மட்டும் இரவல் வாங்கச் சொல்லுங்கள். கைப்பேசி பையிலேயே கிடக்கும்.

கேள்வி: சமநிலை கட்டாயம் இருந்தே ஆக வேண்டுமா? கதைகளில் மந்திரவாதி எப்போதும் உயர்ந்தவன்தானே?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: கட்டாயமில்லை. 1987இல் ஜொனாதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹேகனும் உருவாக்கிய 'ஆர்ஸ் மேஜிகா' மந்திரவாதிகளே மேல் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. அங்கே ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியையும் ஒரு துணைவனையும் வைத்துக்கொள்வார்கள். காவலாட்களும் பணியாட்களும் எல்லோருக்கும் பொது. இந்த வாரம் நீங்கள் மந்திரவாதி, நான் உங்களுக்கு வேல் பிடிப்பவன். அடுத்த வாரம் மாறிக்கொள்ளலாம். ஒரே ஆள் மூன்று ஆண்டுகள் வேல் பிடித்துக்கொண்டே நிற்பதுதான் கசக்கும்.

கேள்வி: என் மகன் கணினியில் 'பால்டர்ஸ் கேட் 3' ஆடுகிறான். அதில் அவனுடைய வீரன்தான் எல்லோரையும் வெட்டிச் சாய்க்கிறான். அதே விதிகள்தானே, அங்கு மட்டும் எப்படி?
– வாசகி, ஆம்பூர்

பதில்: 2023இல் வந்த அந்த ஆட்டம் பன்னிரண்டாம் லெவலோடு நின்றுவிடுகிறது. வீரனுக்கு மூன்றாவது தாக்குதல் பதினோராம் லெவலில் கிடைத்துவிடும். மந்திரவாதியின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் படி மந்திரங்கள் தொடங்குவதோ பதின்மூன்றாம் லெவலிலிருந்துதான். ஏற்றத்தாழ்வு முற்றும் வயதுக்கு முன்பே கதையை முடித்துவிட்டார்கள். மேலும் மேசையில் மந்திரவாதி 'கூரையைப் பெயர்த்து எடுக்கிறேன்' என்றால் டி.எம். திகைக்க வேண்டியிருக்கும், கணினியில், வைத்த வழிகளுக்கு வெளியே யாரும் போக முடியாது. மேசையில் ஆடுபவர்களும் பன்னிரண்டை ஒட்டி ஒரு கதையை முடித்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவது நல்ல வழக்கம் என்பேன்.

கேள்வி: நான் மந்திரவாதியாக ஆடுபவள். வீரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள் என்று எங்கள் டி.எம். அண்ணா கடந்த சில வாரங்களாக என்னை வதைக்கிறார். எல்லா வில்லாளிகளும் என்னையே குறிவைக்கிறார்கள். எந்த எதிரியிடமும் மந்திரமுறிப்பு இருக்கிறது. போன வாரம் குகை முழுவதும் மந்திரம் செல்லாத இடம் என்றார். ஏழு மணி முதல் பத்து மணி வரை குறுக்குவில்லில் நாண் ஏற்றிக்கொண்டிருந்தேன். இது நியாயமா?
– கல்லூரி மாணவி, வேலூர்

பதில்: நியாயமில்லை. வீரனின் சலிப்பைத் தீர்க்க அதைப் பக்கத்து நாற்காலிக்கு மாற்றி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மேலே காட்பாடி மாணவருக்கு வில்லாளிகளைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன் என்பதால், வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். மதில்மேல் காவல் நிற்பவன் பறந்து வரும் ஆளை எய்வது இயல்பு; உங்களைப் பார்த்தே இராத கொள்ளைக்காரன், எதிரே கோடரியோடு ஓடிவரும் வீரனை விட்டுவிட்டுப் பின்வரிசையில் நிற்கும் உங்களை எய்தால், அவனுக்கு டி.எம். காதில் சொல்லியிருக்கிறார் என்று பொருள். மந்திரமுறிப்பு மூன்றாம் படி மந்திரம். அதை வைத்திருப்பவன் தேர்ந்த மந்திரவாதியாக இருக்க வேண்டும். அறுபதடிக்குள் இருந்து நீங்கள் மந்திரம் சொல்வதைக் கண்ணால் காண வேண்டும். காட்டுக் கொள்ளையர் கூட்டம் தோறும் அப்படி ஒருவர் கிடைப்பாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். மந்திரம் செல்லாத பரப்பை உண்டாக்கும் மந்திரம் எட்டாம் படியைச் சேர்ந்தது, அதுவும் பத்தடி ஆரத்துக்கு மேல் எட்டாது. குகை முழுவதும் அப்படி என்றால் அதற்குக் கதையில் ஒரு காரணமும், நுழைவதற்கு முன்பே ஓர் அறிகுறியும் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் பக்கத்திலும் செய்யக்கூடியது உண்டு. கதவைத் திறக்கும் மந்திரத்தை ஏட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வேலைக்குக் குழுவில் ஆள் இருக்கிறது. அந்த இடத்தில் வேகமூட்டும் மந்திரத்தை வைத்து வீரன்மேல் ஏவுங்கள்: ஒரு நிமிடத்துக்கு அவன் நடை வேகம் இரட்டிப்பாகும், தற்காப்பு இரண்டு கூடும், ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஓர் அடி கிடைக்கும். உங்கள் மனக்குவிப்பு கலைந்தால் அடுத்த முறை முழுவதும் அவன் செயலற்று நிற்க நேரும். ஆகவே அம்பு உங்கள் பக்கம் வரும்போது குறுக்கே வந்து விழ அவனுக்கு நல்ல காரணம் இருக்கும். இதை அடுத்த ஆட்டத்திலேயே சொல்லாமல் செய்து பாருங்கள், டி.எம். அண்ணாவிடம் பேசுவதை அதற்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள், குழுவின் முன்னால் வேண்டாம்.